திரியுண்ட் மலைக்கு இரண்டு நாய்களோடு: நான்கு நாள் குறிப்பு

முதல் நாள்: பதான்கோட் முதல் தரம்கோட் வரை

மே மூன்றாம் வாரம். இமாசலப் பிரதேசத்தில் தரம்சாலாவுக்கு மேலே இருக்கும் திரியுண்டில் மலையேறுவது நாளை மறுநாள்தான். ஆனால் நாயைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் ஆபத்தான ஒரு மணி நேரம் இன்றைக்கே வந்து போகிறது. பஞ்சாபில் உள்ள பதான்கோட் ரயில் நிலைய நடைமேடையில் இறங்கி டாக்சி ஏறும் வரையிலான நேரம் அது. சமவெளியில் இந்த மாதம் 40 டிகிரி சர்வ சாதாரணம். சிமென்ட் நடைமேடை அதைவிடச் சூடு. பிற்பகலில் போய்ச் சேரும் ரயிலைத் தவிர்த்து, விடிகாலையில் சேரும் இரவு ரயிலைப் பிடிப்பது முதல் வேலை.

ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பில் மட்டுமே வழி உண்டு. 2 படுக்கை கொண்ட கூப்பே அல்லது 4 படுக்கை கொண்ட கேபின் முழுவதும் நம் பெயரில் இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே கூப்பே உறுதியாவதில்லை, சார்ட் போடும்போதுதான் தெரியும். அதனால் நாயோடு போவதைக் குறிப்பிட்டு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். புறப்படும் நாளில் சில மணி நேரம் முன்னதாகப் பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்குத் தனியாகச் சீட்டு போட வேண்டும். தடுப்பூசிப் புத்தகமும் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்றும் கையில் வேண்டும். கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டு இன்னொரு வழி. கோடையில் அதை யோசிக்கவே வேண்டாம்.

கூட வரும் நாய்கள் இரண்டு. ஒன்று 28 கிலோ லாப்ரடார், வயது 4. இன்னொன்று 17 கிலோ நாட்டு நாய், வயது 3. இந்த எடைகள் கீழே பல கணக்குகளில் திரும்பி வரும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால் இந்தக் குறிப்பு அதற்கானது இல்லை. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்பைக் குளிர்விக்கிறது, வியர்வை பாதங்களில் மட்டும் கொஞ்சம் உண்டு. மூச்சுப்பாதை குறுகிய நாயைக் கோடையில் செங்குத்துப் பாதையில் ஏற்றுவது அதன் ஒரே விசிறியைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

பதான்கோட்டிலிருந்து நூர்பூர், ஷாபூர், கக்கல் வழியாகத் தரம்சாலா சுமார் 85 கி.மீ. அதற்கு மேல் மெக்லியோட்கஞ்ச், அதற்கும் மேல் செங்குத்தான சாலையில் தரம்கோட். வளைவுகள் அதிகம், நாய்க்கும் தலை சுற்றும். வண்டி ஏறுவதற்கு முந்தைய 5 மணி நேரம் உணவு இல்லை, கொஞ்சம் தண்ணீர் மட்டும். வழக்கமாக வாந்தி எடுக்கும் நாய் என்றால் மரோபிடன்ட் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் எடைக்கேற்ப எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்குப் போட்டுக்கொள்ளும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேண்டாம். டாக்சிக்காரரிடம் நாய் இருப்பதைத் தொலைபேசியிலேயே சொல்லி, இருக்கையில் விரிக்கப் பழைய போர்வை எடுத்து வந்திருப்பதையும் சொல்லிவிட்டால் பேரம் சுலபம்.

பதான்கோட் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், தரம்கோட் சுமார் 2,100 மீட்டர். ஒரே நாளில் இவ்வளவு ஏறியபின் மறுநாளே மலைக்குக் கிளம்பாமல் நடுவில் ஒரு நாள் விடுவது நல்லது. இரவு நாய் தூங்கியபின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30க்குக் கீழே இருந்தால் சரி. லாப்ரடார் 22, நாட்டு நாய் 18. இந்த எண்களை எழுதி வைத்தாயிற்று, நாலாம் நாள் இதே கணக்கு மறுபடி தேவைப்படும்.

இரண்டாம் நாள்: தரம்கோட், ஒத்திகையும் மூட்டையும்

காலையில் ஒரு மணி நேர நடை. போன இடம் காலு தேவி கோயில் வரை, அவ்வளவுதான். நாளைய பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைக்குப் பார்க்க வேண்டியவை மூன்று. ஹார்னஸ் என்ற உடம்பு வார் எங்கே உரசுகிறது, நாய் படியில் எப்படி இறங்குகிறது, இந்த ஊர் நாய்களோடு எப்படிப் பழகுகிறது.

ஹார்னஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்பக்கம் ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவில், தோள்மூட்டு தாராளமாக அசையும்படி இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையாக ஓடுவது ஏற்றத்தில் தோளை மறிக்கும். முதுகில் ஒரு கைப்பிடி கட்டாயம். உயரமான கற்படியில் 28 கிலோ நாயைத் தூக்கிவிட அதுதான் பிடி. வயிற்றுக்குப் பின்னால் மூன்றாவது பட்டை இருந்தால் இறக்கத்தில் நாய் பின்வாங்கி உருவிக்கொண்டு ஓடாது. பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வில்லை ஹார்னஸில் இல்லை, கழுத்துப்பட்டையில். ஹார்னஸ் கழன்றாலும் அது தங்கும். கயிறு 2 மீட்டர் நீளமுள்ள சாதாரண நைலான் பட்டை. பொத்தானை அமுக்கினால் சுருண்டு உள்ளே போகும் கயிறு மலைக்கு ஆகவே ஆகாது. கையிலிருந்து நழுவினால் அந்தப் பிளாஸ்டிக் டப்பா கல்லில் மோதி மோதி நாயைத் துரத்தும், பயந்த நாய் பள்ளத்தைப் பார்க்காது.

தரம்கோட்டிலும் மெக்லியோட்கஞ்சிலும் அடர்ந்த ரோமத்தோடு தெருநாய்கள் ஏராளம். பெரும்பாலும் சாது. மலையேறுபவர்களோடு மேலே வரை வந்துவிட்டு வேறொரு கூட்டத்தோடு கீழே இறங்கும் ரகம். பார்க்க அழகுதான். ஆனால் ஒன்றுக்குப் பிஸ்கட் போட்டால் நான்கு சேரும், தேநீர்க் கடைக்குக் கடை எல்லை மாறும், அங்கேதான் சண்டை தொடங்கும். கையாள எளிய வழி குடை. எதிரே வரும் நாயை நோக்கிப் படக்கென்று விரித்தால் பத்தில் எட்டு விலகிவிடும். நம் நாய்களுக்கு அந்த ஓசையை வீட்டிலேயே பழக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் ஓடுவது அவைதான். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மனிதருக்கும் இதே விதிதான், நேரே ஊசிக்கு.

இப்போது மூட்டை. மூட்டையில் முக்கால்வாசி தண்ணீர்தான். காலுவிலிருந்து திரியுண்ட் வரை பாதையில் நம்பக்கூடிய ஊற்று எதுவும் இல்லை. தேநீர்க் கடைகளில் பாட்டில் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அது கோவேறு கழுதை முதுகில் ஏறிய தண்ணீர், உயரம் கூடக் கூட விலையும் கூடும். வீட்டில் சும்மா இருக்கும் நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மி.லி. ஒரு நாளைக்குத் தேவை. கோடை ஏற்றத்தில் அது இரட்டிப்பாகும். அரை நாள் நடைக்கு லாப்ரடாருக்கு 2 லிட்டர், நாட்டு நாய்க்கு 1.25 லிட்டர், உடம்பை நனைக்க இன்னொரு லிட்டர். ஆக நாய்க் கணக்கில் மட்டும் 4.25 கிலோ. அதை யார் சுமப்பது? மனிதர்தான். நாய்க்கென்று முதுகுப்பை விற்கிறார்கள். முழு வளர்ச்சியடைந்த, பழக்கப்பட்ட நாய் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமக்கலாம். ஆனால் வெயில் காலத்தில் அந்தப் பை இரண்டாவது தோல். காற்றுப் படவேண்டிய விலாவை மூடிவிடும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவையில்லை. நாய் நம்மைப் போல் வியர்த்து உப்பை இழப்பதில்லை, வெறும் தண்ணீரே போதும். சுவையூட்டிய பொட்டலங்களில் சைலிடால் என்ற இனிப்பு இருந்தால் அது நாய்க்கு விஷம்.

முதலுதவிப் பையில் இருப்பவை: டிஜிட்டல் வெப்பமானி, சலைன் 100 மி.லி., பீட்டாடைன், காஸ் துணி, தன்மேலேயே ஒட்டும் பேண்டேஜ் இரண்டு சுருள், குழந்தைகளின் பருத்திக் காலுறை நான்கு, முனை வளைந்த இடுக்கி, வட்டமுனைக் கத்தரிக்கோல், வாயைக் கட்ட ஒன்றரை மீட்டர் நாடா. வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், வளர்த்தவர் என்ற விதிவிலக்கு கிடையாது. இல்லாதவை: பாராசிட்டமால், ஐபுபுரூஃபன். மனிதருக்கான இந்த வலி மாத்திரைகள் நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். கடைசியாக, ஒரு நாலு முழ வேட்டி. நாயைச் சுமக்க இதைவிட இலகுவான தூளி கிடையாது. இரண்டாக மடித்து நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனைகளையும் இருவர் தோளில் போட்டுக்கொண்டால் 28 கிலோவும் இறங்கும். ஒருவராக இந்த எடையைத் தூக்கிக்கொண்டு கற்படியில் இறங்க முடியாது. அதனால்தான் பெரிய நாயோடு தனியாளாகப் போகக்கூடாது.

நகம் வெட்டியது ஐந்து நாள் முன்பு. உண்ணி மாத்திரை கொடுத்தது ஒரு வாரம் முன்பு. இவை இரண்டும் முந்தைய நாள் இரவு செய்யும் வேலைகள் இல்லை. அடியொட்ட வெட்டிய நகத்தில் ரத்தம் வந்தால் மறுநாள் ஒவ்வொரு கல்லும் அதைக் குத்தும்.

இரவுச் சாப்பாடு வழக்கம் போல, ஏழு மணிக்கு. காலையில் வழக்கத்தில் கால் பங்கு, அதுவும் கிளம்புவதற்கு நெடுநேரம் முன்னால். நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அது வந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, இல்லையேல் மரணம். வயிறு பறை போல் உப்பி, எதுவும் வெளிவராமல் ஓங்கரித்துக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். பக்கத்தில் பெரிய வசதி என்றால் பாலம்பூரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. தரம்சாலாவிலிருந்து அங்கே போகவும் நேரம் பிடிக்கும் என்பதால் எண்ணை முன்பே கைபேசியில் சேமித்தாயிற்று.

மூன்றாம் நாள்: திரியுண்ட்

புறப்படும் நேரம் பற்றி இரண்டு எதிரெதிர் நியாயங்கள் உண்டு. வெயில் சொல்வது: எவ்வளவு இருட்டில் கிளம்ப முடியுமோ அவ்வளவு நல்லது. சிறுத்தை சொல்வது: வெளிச்சம் வரட்டும். தௌலாதார் மலைத்தொடரின் சரிவுகளில் சிறுத்தை உண்டு. அதற்கு நாய் என்பது காவலாளி இல்லை, இரை. அந்தி, விடியல், இரவு மூன்றும் அதன் வேளை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளி மே மாதத்தில் காலை ஐந்தேகால். பாதை கண்ணுக்குத் தெரியும், சூரியன் இன்னும் எழுந்திருக்காது.

5.20. காலு தேவி கோயில். தரம்கோட்டிலிருந்து இங்கே வரை ஜீப் வரும் கரடுமுரடான வழி உண்டு. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர் பதிய வேண்டியிருக்கும். இரவு தங்கவும் ஏறவும் உள்ள அனுமதி வானிலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும், முந்தைய நாள் மாலையே கேட்டுக்கொள்வது நல்லது. வெப்பம் 14 டிகிரி. இங்கிருந்து மேலே 5 கி.மீ.க்குச் சற்று அதிகம், ஏற்றம் சுமார் 700 மீட்டர். திரியுண்ட் 2,850 மீட்டர் அளவில் ஒரு நீண்ட புல்முகடு.

முதல் 20 நிமிடம்தான் நாய் மிக மோசமாக நடக்கும் நேரம். புது வாசனை, குளிர் காற்று, இழுத்துக்கொண்டு ஓடும். அந்த வேகத்துக்கு விட்டால் பத்து மணிக்கு அதன் விலையைக் கொடுக்க வேண்டிவரும். கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, இழுக்கும் ஒவ்வொரு முறையும் நின்று, தளர்ந்தபின் நடந்தால் கால்மணி நேரத்தில் தாளம் பிடிபடும். இடுப்பில் கட்டும் கயிறு ஏற்றத்துக்கு வசதி. இறக்கத்தில் அதைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும்.

பாதை ஓக், புரான்ஷ், இடையிடையே தேவதாரு மரங்களுக்கு நடுவே போகிறது. புரான்ஷின் சிவப்புப் பூக்கள் மே மாதத்துக்குள் உதிர்ந்துவிடும். கிளைகளில் லங்கூர் குரங்குகள். அவை நாயை மரத்திலிருந்து சீண்டும், நாய் மேலே பார்த்துக்கொண்டு கீழே ஓடும், பாதையின் ஒரு பக்கம் பள்ளம். நாயின் கயிற்றை எந்த இடத்திலும் அவிழ்க்காததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

5.50. முதல் தண்ணீர். லாப்ரடாருக்கு 150 மி.லி., மற்றதற்கு 100. இதே அளவு 25 நிமிடத்துக்கு ஒருமுறை, நாய் கேட்கும் வரை காத்திராமல். தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிக்கும் நாய் பத்தடி தள்ளி அதைக் கக்கிவிடும். குடிக்க மறுத்தால் கையில் ஊற்றி நீட்டினால் நக்கும். பாதையோரக் குட்டைத் தண்ணீர் கூடாது. ஆடு, கழுதை, எலி எல்லாவற்றின் சிறுநீரும் அதில் சேரும், லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும் வழி அது. கழுதைச் சாணத்தையும் நாய்கள் விரும்பித் தின்னும். ‘விடு’ என்ற ஒரு கட்டளை தெரிந்த நாய்க்கு இந்த மலை பாதி எளிது.

6.15. மணியோசை. சரக்கு ஏற்றிய கோவேறு கழுதைகள் கீழிருந்து வருகின்றன. விதி ஒன்றே: மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கு, பள்ளத்துப் பக்கம் நிற்காதே. கழுதையின் இருபுறமும் சிலிண்டரும் பெட்டியும் துருத்திக்கொண்டிருக்கும், லேசாக உரசினாலே கீழே தள்ளிவிடும். நாயை உட்காரவைத்து, அதற்கும் கழுதைக்கும் நடுவே நம் கால். வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. ஐந்து கழுதைகள் கடந்து போக ஒரு நிமிடம், இரண்டு துண்டு கோழி.

7.05. மேஜிக் வியூ கடை. பாதிவழிக்குச் சற்று மேல். 1984 முதல் இருக்கும் கடை என்று பலகை சொல்கிறது. தேநீர் நமக்கு, 15 நிமிட ஓய்வு நாய்க்கு. இங்கே செய்யும் சோதனைதான் இன்றைய நாளைத் தீர்மானிப்பது. நிழலில் படுக்கவைத்து 5 நிமிடத்தில் மூச்சிரைப்பு தணிகிறதா? நாக்கின் நுனி கரண்டி போல் அகன்று மடியாமல் இருக்கிறதா? எச்சில் தண்ணீராக இருக்கிறதா, பசை போல் நூல் விடுகிறதா? ஈறு இளஞ்சிவப்பா, செங்கல் சிவப்பா? விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெள்ளை மாறி இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 10 நிமிடமாகியும் இரைப்பு குறையவில்லை என்றால் இங்கிருந்து திரும்ப வேண்டும், முகடு கண்ணுக்குத் தெரிகிறதே என்ற சமாதானம் உதவாது. நாய் நடக்க மறுத்துப் படுத்துவிட்டபின் முடிவெடுப்பது தாமதம். நாம் நடக்கும் வரை தானும் நடப்பதுதான் அதன் குணம்.

நாட்டு நாய் 3 நிமிடத்தில் வாய் மூடியது. லாப்ரடாருக்கு 5 நிமிடம் ஆயிற்று. எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. வயிறு, தொடையிடுக்கு, அக்குள் மூன்றிலும் கால் லிட்டர் தண்ணீர் தேய்த்து, குடையை விசிறியாக்கி வீசியபின் கிளம்பியது. ஈரத் துண்டை முதுகில் போர்த்திவிடும் பழக்கம் தவறு. சில நிமிடங்களில் அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி வெப்பத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். நனைத்து, காற்றுப் பட விடுவதுதான் வேலை செய்யும்.

கடையில் மேகி சாப்பிட்டவர்கள் மிச்சத்தை நாய்க்கு நீட்டுவார்கள். மசாலாத் தூளில் வெங்காயமும் பூண்டும் உண்டு, இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பொரி உருண்டை சரி. உலர் திராட்சை கலந்த பருப்புப் பொட்டலம் கூடாது. சாக்லெட் கூடவே கூடாது.

7.50. கடைசிச் செங்குத்து. இதை 22 வளைவுகள் என்பார்கள். ஒரு கி.மீ. அளவு, மரம் குறைந்து பாறை கூடும். எண்ணிக்கொண்டே போனவர்களில் 22 வந்தவர்கள் குறைவு. கற்படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை, சில இடங்களில் முழங்கால் அளவு. நாட்டு நாய் தாவிவிடும். லாப்ரடார் முன்கால் வைத்து நிற்கும், ஹார்னஸ் கைப்பிடியில் ஒரு தூக்கு. தாவவிடாமல் தூக்குவது இடுப்புமூட்டுக்காக. இந்த இனத்துக்கு அங்கேதான் பலவீனம்.

இந்த இடத்தில்தான் ஆட்டு மந்தை வந்தது. கத்தி (Gaddi) எனப்படும் மலையின மேய்ப்பர்கள் கோடையில் மந்தையோடு தௌலாதாரைக் கடந்து சம்பா, லாஹூல் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்குப் போவது தலைமுறை வழக்கம். 4,300 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த்ரஹார் கணவாய் இதே வழியில்தான். மந்தையோடு கத்தி நாய்கள் வரும். கழுத்தில் சிறுத்தையின் பல்லுக்கு எதிராக இரும்பு முள் பட்டை. 2025இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இந்த நாயை உள்நாட்டு இனமாகப் பதிவு செய்தது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக. பெருமைப்படலாம், பக்கத்தில் போகக்கூடாது. அதன் வேலை மந்தையை நெருங்கும் எந்த நாயையும் விரட்டுவது, விளையாட வந்த நாய் என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. தூரத்தில் மணியும் சீழ்க்கையும் கேட்டதுமே வளைவுக்கு வெளியே, மேட்டுப் பக்கம் ஏறி, நூறடிக்குக் குறையாமல் விலகி உட்கார வேண்டும். மேய்ப்பரைக் கூப்பிட்டு நாய் இருப்பதைச் சொல்ல வேண்டும், அவர் ஒரு குரல் கொடுத்தால் கத்தி நாய் மந்தைப் பக்கம் திரும்பும். கண்ணைப் பார்க்காதீர்கள். ஓடாதீர்கள். நம் நாயைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வதும் தப்பு, எதிர் நாய் நம் மேல் பாயும். மந்தை கடக்க 20 நிமிடம் ஆயிற்று. அந்த 20 நிமிடமும் நிழலில்லாத இடம், குடை இரண்டாம் முறை உதவியது.

8.55. முகடு. முன்னால் தௌலாதார் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. பின்னால் காங்க்ரா பள்ளத்தாக்கு, புகைமூட்டத்தில் போங் அணைத் தண்ணீர் ஒரு கீற்று. வெப்பம் 17 டிகிரி, காற்று நல்ல வேகம். புல்வெளி என்று நம்பி நாயை அவிழ்த்துவிட வேண்டாம். கூடாரம் போட்டவர்கள் விட்டுப்போன கண்ணாடிச் சில்லும் தகர மூடியும் புல்லுக்குள் இருக்கும். கோழி எலும்பும் இருக்கும், வெந்த எலும்பு ஊசி போல் பிளந்து குடலைக் கிழிக்கும். கடைகளிலிருந்து தள்ளி, முகட்டின் வடபுறம் பாறை நிழல் ஒன்றில் இடம்.

நாய்க்கு இங்கே சாப்பாடு இல்லை. இரண்டு கைப்பிடி கோழியும் சோறும், அவ்வளவே. முழுச் சாப்பாடு கீழே இறங்கி ஒரு மணி நேரம் ஆறியபின். கழிவைப் புதைக்கலாம் என்றால் இந்த முகட்டில் மண் ஒரு சாண் ஆழம்கூட இல்லை, மழை வந்தால் எல்லாம் கீழே ஊருக்குத்தான் இறங்கும். இரட்டைப் பையில் கட்டி, மூடி இறுகும் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கீழே எடுத்து வருவதுதான் முறை. டப்பா இல்லாமல் பையை மட்டும் மூட்டையில் வைத்தவர்கள் அடுத்த முறை டப்பா கொண்டு வருவார்கள்.

9.40. இறக்கம். மேலே லாகா பக்கம் பனிக்கோடு வரை போகலாமே என்று கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நாயோடு ஒரு பகல் நடைக்கு இதுதான் எல்லை. மதியத்துக்கு மேல் தௌலாதாரில் மேகம் திரளும், இடியும் ஆலங்கட்டியும் மே, ஜூனில் அடிக்கடி. இடிக்குப் பயந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அதைவிட முக்கியம், ஏறும்போது உயரம் வெயிலை ஈடுகட்டியது, இறங்கும்போது கீழே போகப்போகச் சுடும். களைத்த நாய் சூட்டை நோக்கி நடக்கிறது. இந்த மலையில் நாய்கள் விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான் என்று கடைக்காரர்கள் சொல்வதில் வியப்பில்லை.

நாய் நிற்கும்போதே எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 60 விழுக்காடு, முன்கால்களில். இறக்கத்தில் இன்னும் கூடும். பாதத்தின் கறுப்புத் தோல் ஒவ்வொரு கல்லிலும் வழுக்கித் தேயும். அதனால் மனிதர் முன்னால், நாய் பின்னால், கயிறு குறுக்கி. நாய் முன்னே போனால் இழுக்கும் விசையும் நம் எடையும் ஒரே திசையில் சேரும், முட்டி பெயரும்.

10.30. பாதச் சோதனை. லாப்ரடாரின் இடது முன்கால் நடுத்திண்டில் அரை செ.மீ. அளவு தோல் பெயர்ந்து மடிப்பாகத் தொங்குகிறது. நொண்டல் இன்னும் இல்லை. மடிப்பை வெட்டக்கூடாது, அதுதான் இயற்கைக் கட்டு. சலைனில் கழுவி, தேநீர் நிறம் வரும் வரை நீர்த்த பீட்டாடைன் தொட்டு, விரலிடுக்கில் காஸ் துணித் துணுக்கு செருகி, மேலே காலுறை. அதற்கு மேல் ஒட்டும் பேண்டேஜ், இரண்டு விரல் நுழையும் தளர்வில். இறுக்கினால் ஒரு மணி நேரத்தில் விரல்கள் வீங்கும். மறுபக்கப் பாதத்துக்கும் வெறும் காலுறை போட்டாயிற்று, நடை சமமாக இருக்க. கடையில் விற்கும் நாய்க் காலணி நல்லதுதான், ஆனால் இரண்டு வாரம் வீட்டில் பழகியிருக்க வேண்டும். மலையில் முதல் முறை போட்டால் நாய் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துவிட்டுப் பல்லால் கழற்றிவிடும்.

11.20. மேஜிக் வியூவுக்குக் கீழே, மரமில்லாத ஒரு திருப்பம். புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ண வேண்டும். ஐந்தில் கை எடுக்கத் தோன்றியது. அப்படியென்றால் நாய்க்கும் அது சுடும் கல். பாதையின் ஓரத்து இலைச்சருகு மேல் நடத்தி, நிழல் விட்டு நிழல் போக வேண்டியதாயிற்று. நிழலில் 5 நிமிடம், வெயிலில் 2 நிமிடம். இந்த நேரத்தில் மேலே ஏறும் இரண்டு குழுக்களில் நாய் இருந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று, மனிதருக்கும் நாய்க்கும் சேர்த்து.

வெப்பத் தாக்கு வந்துவிட்டால் செய்ய வேண்டியதை இங்கேயே எழுதிவிடலாம். நாயின் இயல்பு வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டி. 40.5ஐத் தாண்டி, தள்ளாடினால், வாந்தி எடுத்தால், கண் நிலைகுத்தினால் அது அவசரநிலை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிச் செல்வது. இருக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும், கடைக்காரரிடம் வாங்கிய பாட்டில்களும் அதற்கே. மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போகும். 39.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இயல்புக்கும் கீழே போய்விடும். பிறகு வேட்டித் தூளி. நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும், சிறுநீரகமும் குடலும் கெட்டது மறுநாள்தான் தெரியவரும்.

12.25. காலு. வெப்பம் 27. ஏழு மணி நேரத்தில் லாப்ரடார் குடித்தது 1.8 லிட்டர், நாட்டு நாய் 1 லிட்டர், உடம்புக்கு ஊற்றியது 1.2 லிட்டர். மூட்டையில் மிச்சம் கால் லிட்டர். கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் மந்தைக்காக இன்னொரு அரைமணி நின்றிருந்தால் போதாது. அடுத்த முறை 5 லிட்டர்.

1.45. தயிர்சோறும் வேகவைத்த கோழியும், இரண்டு பங்காகப் பிரித்து ஒரு மணி நேர இடைவெளியில்.

நாலாம் நாள்: தரம்கோட்

காலை மூச்சு எண்ணிக்கை 24, 18. சரி. எழுந்த உடனே லாப்ரடாரின் பின்கால் விறைத்திருந்தது, பத்து நிமிட மெதுநடையில் தளர்ந்தது. சிறுநீர் வெளிர் மஞ்சள். காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அல்லது உண்ணிக் காய்ச்சல். இரண்டுக்கும் அதே நாளில் மருத்துவர்.

உண்ணி தேடுவது நேற்று மாலை ஒருமுறை, இன்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை. காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கு, வாலுக்கடியில். நாட்டு நாயிடம் இரண்டு, லாப்ரடாரிடம் ஐந்து. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் உண்ணியைத் தன் வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்துக்குள் கக்கவைக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு தெரிந்தால் மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லி ரத்தம் பார்க்க வேண்டும்.

பாதக் கட்டு இன்று அவிழ்த்து, கழுவி, காற்றாட விட்டாயிற்று. நக்காமல் இருக்கக் காலுறை மட்டும். புதுத்தோல் மூட ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை புல்லில் மட்டும் நடை.

ரயில் இரவில். பதான்கோட்டுக்கு டாக்சி மாலை 5 மணிக்குச் சொல்லியிருக்கிறது. நிலையம் போய்ச் சேரும்போது எட்டு மணி, நடைமேடை கொஞ்சம் ஆறியிருக்கும். சாப்பாடு பகல் 12க்கே முடிந்தது.